மலையேறும் மின்கலம்

2022ஆம் ஆண்டில் ஹட்டன் நகரின் எரிபொருள் நிலையங்களில் நீண்டு நின்ற வரிசைகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோலின்றி முச்சக்கர வண்டிகள் முடங்கின. லயத்திலிருந்து நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல வண்டி கிடைப்பதும் அரிதாயிற்று. அந்நாளிலும், சில மைல் தொலைவில், காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் நோட்டன் பிரிட்ஜ் வழியாக லக்ஷபானவுக்கு இறங்கி மின்சாரம் தந்துகொண்டுதான் இருந்தது. அம்மின்சாரத்தைச் சேமித்து வண்டியில் வைத்துக்கொள்ளும் பாத்திரமே எளியவர் கைக்கு எட்டாததாயிருந்தது.

அப்பாத்திரம் மின்கல அடுக்கு. மக்கள் வழக்கிலே பற்றரி. ஓர் அலகு மின்சாரத்தைக் கொள்ளும் இலிதியம் பற்றரிக்கு 2010ஆம் ஆண்டில் ஆயிரம் டொலருக்கு மேல் செலவாயிற்று. 2024இல் உலகச் சராசரி விலை 115 டொலர் அளவுக்கு இறங்கியது. முப்பது அலகு கொள்ளும் சிறிய காருக்கு, முப்பதாயிரம் டொலரைத் தாண்டிய பற்றரிச் செலவு மூவாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிட்டது.

தொழிற்சாலைகள் பெருகியமை இதற்கு ஒரு காரணம். மற்றொன்று சுவையானது. முன்னைய பற்றரிகளுக்குக் கோபாற்றும் நிக்கலும் வேண்டியிருந்தன. கோபாற்றில் பெரும்பகுதி கொங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருவது. அவற்றினிடத்தை இன்று பல கார்களில் மலிவான இரும்பும் பொஸ்பேற்றும் பிடித்துக்கொண்டன. இவ்வழிக்கு அடிகோலிய ஆராய்ச்சியில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், ஜோன் குடினஃப் என்னும் அறிஞருடன் 1980களில் இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாகக் குடினஃபின் ஆய்வுகூடம் 1997இல் இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றை வெளிப்படுத்தியது. 2019இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் குடினஃபும் ஒருவர். அவர் சார்பில் பரிசுப் பேருரையை நிகழ்த்தியவர் மந்திரமே.

இரும்புப் பற்றரி சற்றுக் கனமானது. மலைநாட்டார் இதைக் கேட்டுத் தயங்குவது இயல்பே. ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஆயிரத்து ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள காரைத் தாழ்நிலத்திலிருந்து ஹட்டன் உயரத்துக்குத் தூக்க, சமநிலத்தில் ஓடுவதற்கு மேலதிகமாகச் சுமார் ஐந்து அலகு மின்சாரம் போதும். திரும்பி இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, அதில் கணிசமான பகுதியைப் பற்றரிக்கே மீட்டுத் தருகிறது. பெற்றோல் வண்டியோ அவ்வளவையும் வெப்பமாக வீணாக்கிவிடும். கினிகத்தேனை இறக்கத்தில் எழும் தடைக்கட்டை நெடியை அறியாதார் யார்?

இத்தனை இருந்தும், கொழும்புத் துறைமுகத்தில் வரிகள் ஏறியபின் மின்கார் தோட்டத் தொழிலாளிக்குக் கனவாகவே நிற்கிறது. அவருக்கு நெருங்கி வரக்கூடியது முச்சக்கர வண்டிதான். எட்டு அலகுப் பற்றரியொன்று அதற்குத் தாராளம். எனினும் விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் என்று இழுக்கப்பட்ட பழைய லயத்துக் கம்பிகள் இரவு முழுதும் அவ்வண்டிக்கு மின்னேற்றத் தாங்குமா என்பதை, வண்டி வந்து சேருமுன் யாரேனும் பார்த்துவைத்தாக வேண்டும்.