வீட்டுக்குள் வண்ணம் பூசத் திட்டமா? டப்பாவைத் திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நஞ்சன்கூடு: கபினி அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு, தமிழகத்தில் மேட்டூர் அணையின் நீர்வரத்தோடு சேர்த்தே வாசிக்கப்படும் செய்தியாகும். அந்த நீர் மேட்டூரை அடைவதற்கு முன் தொட்டுச் செல்லும் ஊர்களுள் ஒன்று நஞ்சன்கூடு. மைசூருவுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஊட்டி செல்லும் சாலையில், உள்ளூரில் கபிலா என்று அழைக்கப்படும் கபினி ஆற்றின் கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலைச் சுற்றி இந்நகரம் அமைந்துள்ளது. 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆகஸ்ட் மாத வெள்ளத்தின்போது கோயிலை ஒட்டிய படித்துறையும் தாழ்வான பகுதிகளும் நீரில் மூழ்கின. மைசூரு சாலையிலும் போக்குவரத்து தடைபட்டது.

முதல் வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே, அதாவது 2018 செப்டம்பரில், இதே வட்டத்தின் இம்மாவு கிராமத்தில் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 3 லட்சம் கிலோ லிட்டர். அதாவது 30 கோடி லிட்டர். அண்டை மாவட்டமான சாமராஜநகரில் பிர்லா ஓபஸ் ஆலை இயங்குகிறது. தேர்தல்களில் விரலில் இடப்படும் அழியா மையைத் தயாரிக்கும் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம், 1937ஆம் ஆண்டு மைசூர் மன்னராட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது.

பெயிண்ட் இவ்வளவு அருகில் தயாராகும் ஊரிலும், ஆற்றங்கரையோர வீட்டின் சுவரில் பெயிண்ட் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது டப்பாவில் உள்ள பொருள் மட்டும் அல்ல. சுவர் உலர்ந்திருக்கிறதா, பழைய பூச்சு என்ன, வேலைக்கு எத்தனை நாட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் நிறம் தேர்வு செய்யப்படும் வீடுகளில், ஒரே மழைக்காலத்தில் பூச்சு உரிந்து, செலவு இரட்டிப்பாகிறது.

ஈரம் காயாத சுவர்

செங்கல் சுவர் நீரை உறிஞ்சும். தரையிலிருந்து நுண்துளைகள் வழியாக மேலேறும் ஈரம், செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு படிகமாகத் தங்கிவிடும். அந்தப் படிகங்கள் வளரும்போது மேலே உள்ள பூச்சைத் தள்ளிவிடுகின்றன. சுவரில் வெள்ளைத் தூளாக உப்புப் பூப்பதும், பெயிண்ட் கொப்பளித்து உதிர்வதும் இதனால்தான்.

பழைய வீடுகளில் சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். இன்றைய எமல்ஷன் பெயிண்ட், வகையைப் பொறுத்து, சுவரின் மீது மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தின் வழியை அடைக்கிறது. ஆகவே பழைய சுண்ணாம்புச் சுவருக்கு விலையுயர்ந்த எமல்ஷன் பூசினால் அதிகம் நிலைக்கும் என்று கருதுவது தவறு. சுண்ணாம்புத் தூளைச் சுரண்டி எடுக்காமல் அதன் மீது பட்டி பார்த்தால், பட்டி ஒட்டிக்கொள்வது சுவரில் அல்ல, தூளில்.

வெள்ளநீர் புகுந்த வீட்டில் நிலைமை இன்னும் கடினமானது. மேற்பரப்பு சில நாட்களில் உலர்ந்ததுபோல் தோன்றினாலும், தடித்த செங்கல் சுவரின் உட்புறம் உலர மாதக்கணக்கில் ஆகலாம். கறையை மறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் உடனே பட்டியும் பெயிண்டும் பூசினால், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். அதுவரை ஜன்னல்களைத் திறந்து வைத்து, சேற்றையும் உப்பையும் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து நீக்கி, உப்பிய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுக் காத்திருப்பதே சரியான வழி. வீட்டில் உள்ளோருக்கு அது எரிச்சலான காத்திருப்புதான்.

ஈரத்தைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் கோத்திருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ பெயிண்டருக்குத் தேதி கொடுக்கக் கூடாது. ஈரமானி கொண்டுவரும் ஒப்பந்ததாரர்களும் இருக்கின்றனர். எந்த முறையாயினும், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரையும், குளியலறையின் மறுபுறச் சுவரிலும் சோதிப்பது அவசியம். குழாய்க் கசிவோ, மொட்டைமாடிக் கசிவோ இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் பிளம்பர் அல்லது கொத்தனார். பெயிண்டரால் அதை மறைக்க மட்டுமே முடியும்.

பண்டிகைக்கு முன் என்ற அவசரம்

நஞ்சன்கூடு, மைசூரு பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள் உட்புறப் பூச்சுக்கு உகந்தவை. உகாதிக்கும், பங்குனியில் நடைபெறும் ஸ்ரீகண்டேஸ்வரர் பெரிய தேரோட்டத்திற்கும் முன்பாக வேலையை முடிப்போருக்கு இக்காலம் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. தசராவுக்கு முன் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கே சிக்கல். மழைக்காலம் முழுவதும் ஈரம் குடித்த சுவரில் செப்டம்பரில் வேலை தொடங்க நேரிடும். அக்டோபரிலும் அங்கு மழை உண்டு.

தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடித்தால், சுவர் காய்வதற்குக் கிடைப்பது சில நாட்களே. அந்த ஆண்டு உட்புறத்தை மட்டும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, பெரிய வேலையை மாசிக்குத் தள்ளி வைப்பதில் நட்டம் ஏதுமில்லை. அந்நேரத்தில் பெயிண்டர்களும் எளிதில் கிடைப்பர்.

பழைய எனாமலில் ஈயம்

திட்டமிடலில் பெரும்பாலோர் நினைத்தும் பார்க்காத பகுதி இது. நிறம் பளிச்சிடவும், விரைவில் உலரவும் பல ஆண்டுகளாக எண்ணெய் சார்ந்த பெயிண்டுகளில் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட ஜன்னல் கம்பி, கதவு, கட்டில், தொட்டில் ஆகியவற்றின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

பூச்சு அப்படியே இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசு தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. கர்ப்பிணிகளுக்கும் இது கெடுதல்.

எனவே பழைய எனாமல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல், கழுவி உலர்த்தி, அதன் மேலேயே பூசலாம். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டைத் தீயால் பொசுக்கி எடுக்கும் முறையை அனுமதிக்கக் கூடாது. அதில் எழும் புகையே நஞ்சு. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, தேய்ப்பவருக்கு என்95 முகக்கவசம், வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அந்த அறை முழுமையாகத் துடைக்கப்படும் வரை குழந்தைகள் உள்ளே வராதிருப்பது நல்லது.

இந்தத் தூசை நாள்தோறும் சுவாசிப்பவர் பெயிண்டர். உடையில் ஒட்டிய தூசை அவர் தம் வீட்டுக்கும், தம் பிள்ளைகளிடமும் கொண்டு செல்கிறார். முகக்கவசமும், கை கழுவ சோப்பும் தண்ணீரும் வழங்குவதைச் செலவாகக் கருதுவது முறையல்ல.

அளவு, மதிப்பீடு

சிறிய அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு ஜன்னலுக்கு 16 சதுர அடியைக் கழித்தால் 403. மேற்கூரை தனியாக 120. உட்புற எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு பூச்சுக்குப் பொதுவாக 60 முதல் 80 சதுர அடி வரை வரும். ஆக, சுவர்களுக்கு மட்டும் சுமார் 5 முதல் 7 லிட்டர் தேவை. சரியான அளவு டப்பாவின் மீதே அச்சிடப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கு வீட்டுக்காரரின் கையில் இருந்தால் இரண்டு நன்மைகள். வீட்டின் தரைப்பரப்பை மூன்று அல்லது மூன்றரையால் பெருக்கிச் சொல்லப்படும் மதிப்பீட்டை அளந்து சரிபார்க்கலாம். மேலும், 6 லிட்டர் தேவைப்படும் சுவர் 4 லிட்டரில் முடிந்துவிட்டால், பெயிண்டில் தண்ணீர் அதிகமாகக் கலக்கப்பட்டதா, அல்லது இரண்டாம் பூச்சு விடுபட்டதா என்று கேட்க முடியும். டப்பாக்களை வீட்டார் முன்னிலையில் திறக்கச் சொல்வது அவமதிப்பு ஆகாது. நல்ல ஒப்பந்ததாரர் அதைத் தாமே செய்வார்.

மதிப்பீட்டில், கூலி மட்டுமா அல்லது பொருளும் சேர்த்தா, எத்தனை முறை பட்டி, எத்தனை முறை பிரைமர், எத்தனை பூச்சு, பெயிண்டின் பெயரும் வகையும் என்ன, கதவு ஜன்னல் பரப்பு கழிக்கப்படுமா, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற ஒற்றை வரி மதிப்பீடு, விலை குறைவாக இருந்தாலும், பின்னர் தகராறுக்கே வழி வகுக்கும்.

வேலை நாட்கள்

மேற்கூரை முதலில், சுவர் அடுத்து, கதவு, ஜன்னல், கம்பி கடைசியில் என்பது வரிசை. வெள்ளை சிமென்ட் பட்டியை, சுவரை லேசாக நனைத்து, பிரைமர் இன்றியே பூசலாம். அக்ரிலிக் பட்டிக்கு முன் பிரைமர் வேண்டும். எமல்ஷனின் இரு பூச்சுகளுக்கு இடையே சுமார் 4 முதல் 6 மணி நேரம் விட வேண்டும்; ஈரப்பதம் மிகுந்த நாளில் இன்னும் கூடுதலாக. இரு படுக்கையறை வீட்டில், பட்டியோடு கூடிய முழு வேலைக்கு, மூன்று நான்கு பேர் வந்தால் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் பிடிக்கும். மூன்றே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவர், உலரும் நேரத்தில்தான் கை வைக்கிறார்.

வீட்டைக் காலி செய்ய இயலாதவர்கள் ஓர் அறையை முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லும்படி கேட்கலாம். சமையலறையில் எனாமலோ டர்ப்பன்டைனோ பயன்படுத்தும் நாளில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அவற்றின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். சுவிட்ச் பலகைகளைக் கழற்றும்போது மெயினை அணைக்க வேண்டும். ஏணி மீது ஏணி கட்டி ஏறும் வழக்கத்தைப் படிக்கட்டுப் பகுதிகளில் இன்றும் காண முடிகிறது. அங்கு சாரம் கட்டுவதற்கான தொகையை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பணத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தருவதே நடைமுறை: பொருள் வாங்க ஒரு பகுதி, பட்டி முடிந்தபின் ஒரு பகுதி, மீதி ஒப்படைக்கும்போது. கடைசித் தொகையைத் தருவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், கைபேசி விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்து ஒருமுறையும் பார்த்தால் மேடு பள்ளங்களும் விடுபட்ட இடங்களும் தெரிந்துவிடும். மீந்த பெயிண்டை இறுக மூடி வைத்து, நிறத்தின் எண்ணையும் டப்பாவில் உள்ள தொகுப்பு எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால், நாற்காலி உரசிய இடத்தைச் சரிசெய்ய அடுத்த ஆண்டு அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.