விமானந்தாங்கியான பிரயாணிக் கப்பல்

மாசாய்க்குத் தெற்கே ஜொகூர் நீரிணை. அதன் எதிர்க்கரையில் செம்பாவாங். அங்கே பிரிட்டிஷார் அமைத்த கடற்படைத் தளம் 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கைப்பட்டது. பின்னர் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெயும் ரப்பரும் சுமந்து சென்ற கப்பற் கூட்டங்களுக்குக் காவலாக வந்தவற்றுள் ஒன்று ‘உன்யோ’. அது போருக்கென்றே பிறந்த கப்பலன்று. ‘யவாத்தா மாரு’ என்னும் பெயருடன், ஐரோப்பியப் பயணங்களுக்கென நாகசாகியில் கட்டப்பட்டு, 1940-ல் நிறைவுற்ற பிரயாணிக் கப்பல்.

பிரயாணிக் கப்பலைப் போய் ஏன் மாற்ற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். விமானந்தாங்கியைப் புதிதாகக் கட்டி முடிக்க ஆண்டுகள் பல வேண்டும். பெரிய பிரயாணிக் கப்பலிலோ நீண்ட உடலும் வலிய எஞ்சினும் முன்பே அமைந்துள்ளன. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தால்தான், குறுகிய தளத்தில் ஓடும் விமானத்தின் இறக்கைகளுக்கு அதனை மேலே தூக்கப் போதிய காற்று கிட்டும். ஆகவே வேகமே முதற்றேவை. ஜப்பானிய அரசு இதனை முன்பே எண்ணி, போர்க்காலத்தில் மாற்றத்தக்க கப்பல்களைக் கட்டுவோருக்கு 1937 முதல் உதவிப் பணம் அளித்தது. உல்லாசப் பிரயாணியின் அறைக்கு அடியில் கடற்படையின் கணக்கு ஒளிந்திருந்தது எனலாம்!

கூரே பட்டறையில் மேலடுக்குகள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுள்ள ஓடுதளமும், அதன்கீழ் விமானக் கொட்டகையும், விமானங்களை மேலேற்றும் தூக்கிகளும் அமைந்தன. நடுவில் நின்ற புகைபோக்கி பக்கவாட்டுக்குப் போயிற்று. 1942 மே மாத இறுதியில் வேலை முடிந்தது.

உருவம் மாறினாலும் குறைகள் நீங்கவில்லை. வேகம் மணிக்கு 21 கடல் மைல்தான். நேச நாட்டாரின் காவல் விமானந்தாங்கிகளில் விமானத்தை உந்தி எறியும் பொறி இருந்தது. மெதுவாகச் செல்லும் கப்பலிலிருந்தும் கனத்த விமானங்கள் கிளம்ப அது உதவிற்று. ஜப்பானியருக்கு அது வாய்க்கவில்லை. ஆதலால் உன்யோ நெடுநாள் விமானங்களை ஏற்றியிறக்கும் சுமைகப்பலாகவே உழைத்தது. பகலில் அதன் விமானங்கள் கடலைக் கண்காணித்தன. நீர்மூழ்கிகளோ இரவில் வந்தன.

ஜப்பானியர் இவ்வாறு மாற்றிய காவல் விமானந்தாங்கிகள் ஐந்து. ஒருகாலத்தில் கொழும்பு, சிங்கப்பூர் வழியே ஓடிய ‘ஷார்ன்ஹோர்ஸ்ட்’ என்னும் ஜெர்மானியக் கப்பலும் அவற்றுள் ஒன்று. அது ‘ஷின்யோ’ ஆயிற்று. ஐந்தில் நான்கு நீர்மூழ்கிகளுக்கு இரையாயின.

1944 செப்டம்பர் 11-ம் தேதி உன்யோ ஒரு கப்பற் கூட்டத்துடன் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னர் சென்ற வேறொரு கூட்டத்தில் ‘ரக்குயோ மாரு’ இருந்தது. அதில் 1,300-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் மாண்ட சயாம் மரண ரயில் பாதையில் உழைத்து உயிர் தப்பியவர்கள் அவர்கள். அடையாளம் ஏதுமின்றிச் சென்ற அக்கப்பலை, கைதிகள் இருப்பதறியாமல், 12-ம் தேதி அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று தாக்கிற்று.

நீரில் தத்தளித்தவர்களை மீட்க அழைக்கப்பட்ட ‘பார்ப்’ என்னும் நீர்மூழ்கி, வழியில் 16-ம் தேதி இரவு உன்யோவின் கூட்டத்தைக் கண்டது. நள்ளிரவுக்குப் பின் பார்ப் எய்த நீர்க்கணைகளால் உன்யோவும் ‘அசுசா மாரு’ என்னும் எண்ணெய்க் கப்பலும் அழிந்தன. பிறகு பார்ப் தன் வழியே விரைந்து, ஐந்து நாளாக மிதந்துகொண்டிருந்த கைதிகளுள் பதினால்வரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது.