ஜிம்மி வண்டியேறும் முன்

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி நுவரெலியாவுக்கு வேன் பேசிக்கொண்டிருக்கும் சுற்றுலாக்காரர்கள் ஜிம்மி என்கிற நாயைக் கண்டால் வேனை மறந்துவிடுவார்கள். எஸ்லோன் பைப்பை அறுத்து ஒட்டிய சட்டம், பிள்ளைகளின் பழைய சைக்கிளில் கழற்றிய சில்லு இரண்டு, நடுவில் ஒரு துணித் தொட்டில். அந்தத் தொட்டிலில் விழுந்துபோன பின்னங்கால்கள் சொகுசாகத் தொங்க, முன்னங்கால் இரண்டும் நாலு காலுக்கும் சேர்த்து ஓடும். கொழுந்து லொறிக்கே வழிவிடாத ஓட்டம்! உடனே போன்கள் எல்லாம் மேலே எழும்பும். ஜிம்மியும் லேசுப்பட்ட ஆளில்லை. கேமராவைக் கண்டால் நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுவான்.

அது ஊருக்குக் காட்டும் கூத்து. வாங்க, நாம் அவன் இருக்கிற தோட்டத்து லயத்துக்குப் பின்பக்கம் போய் ஒளிந்து பார்ப்போம். அசல் வேடிக்கை அங்கேதான், அதுவும் விடியற்காலையில்.

பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, போகும் அவசரத்திலும் ஜிம்மியை வளர்க்கிற அக்கா பின்வாசலில் குந்திவிட்டார். கையில் உறை, பக்கத்தில் பழைய துவாய், ஒரு வாளி வெந்நீர். "வாடா மவனே, ஒண்ணுக்குப் போவோம்." ஜிம்மியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிற்க வைத்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளைப் படிய வைக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். கைகள் மெல்ல நெருங்குகின்றன. "ஆ, ஆப்பிட்டுக்கிச்சு!"

ஆப்பிட்டது மூத்திரப்பை. தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உருண்டு, வழுக்கி, இப்படியும் அப்படியும் நழுவுமாம். விடக்கூடாது. "அமுக்கக் கூடாது தம்பி, வாலுப் பக்கமாத் தள்ளணும். வெரல் நுனியால குத்தவே கூடாது. உள்ளங்கை, உள்ளங்கை!" ஒரே சீரான அழுத்தம். ஒன்று, இரண்டு, மூன்று… சர்ர்ர்! பின்வாசல் காணில் நீளமாக ஒரு கோடு. அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே, சம்பள நாளில்கூட அவ்வளவு சிரிப்பு இருக்காது. ஓட்டம் நின்றதும் கையைத் தளர்த்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஒரு தடவை. அடியில் தங்கியதும் வரவேண்டும். தங்கினால் அங்கே கிருமி குடியேறிவிடும்.

கண் பார்க்காமலே விரல்பட்டவுடன் எது இளசு, எது முற்றல் என்று தெரிந்து கொழுந்து கிள்ளுகிற கை அது. மூத்திரப்பையைத் தேடிப் பிடிப்பதில் டவுன் ஆட்களைவிட மலைநாட்டுப் பெண்கள் ஒரு படி முன்னால்தான் நிற்பார்கள் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

இந்தச் சேட்டை எல்லாம் எதற்கு? ஜிம்மியை ரதல்ல குறுக்கு ரோட்டில் ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. முதுகுத்தண்டு அடிபட்டதில் போனது நடை மட்டுமல்ல. "நிரம்பிவிட்டது, திற" என்று மூளைக்கும் மூத்திரப்பைக்கும் நடக்கிற பேச்சும் அறுந்துவிட்டது. நாயின் உடம்பு சாதாரணமாகக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர் மூத்திரம் உண்டாக்கும். ஜிம்மி 12 கிலோ. 8 மணித்தியாலத்தில் 96 முதல் 192 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு கோப்பைத் தேத்தண்ணி அளவு. (கோப்பையில் அளந்து பார்க்க வேண்டாம், என் பேச்சை நம்புங்கள்.) ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை எடுக்காவிட்டால் பை மிதமிஞ்சி விரிந்து, அதன் தசை தளர்ந்து, பிறகு சரியாகச் சுருங்கவே மாட்டாது. சிறுநீரகம் வரைக்கும் வினை போகும். கால் விழுந்த நாயைச் சாகடிப்பது அனேகமாகக் கால் இல்லை. மூத்திரமும் படுக்கைப் புண்ணும்தான்.

இதில் இரண்டு ரகம் உண்டு என்பது தெரிந்தபோது எனக்கு ஒரே குஷி. முதுகின் நடுப்பகுதியில் அடிபட்டால் பை கல்லாக இறுகி, வாய் பூட்டிக்கொள்ளும். தள்ளினாலும் லேசில் வராது, நிரம்பி வழிவது மட்டும் சொட்டும். சொட்டுவதைப் பார்த்து "அதுதான் தானாகப் போகிறதே" என்று ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. இடுப்புப் பக்கம் அடிபட்டால் பை தொளதொளவென்றிருக்கும். தொட்டால் வரும், தூக்கினால் வரும், குரைத்தால்கூட வரும்! ஜிம்மி முதல் ரகம். பையின் வாயைத் தளர்த்த டொக்டர் பிரசோசின் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மனிதர்கள் போடுகிற அதே மாத்திரைதான். அளவு மட்டும் டொக்டர் சொன்னபடி. தள்ளியும் வராவிட்டால் பலத்தைக் காட்டக் கூடாது. பை கிழிந்துபோகலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டியதுதான்.

டொக்டரிடம் முதல் தடவை போன கதையை அக்கா நடித்தே காட்டினார். டொக்டர் இடுக்கியால் ஜிம்மியின் பின்னங்கால் விரலை நசுக்கினாராம். கால் சடக்கென்று இழுத்துக்கொண்டது. "நான் கையத் தட்டப் போயிட்டேன் தம்பி!" டொக்டர் தலையை ஆட்டி, "காலைப் பார்க்காதீங்கம்மா, மூஞ்சியைப் பாருங்க" என்றாராம். கால் இழுப்பது முதுகுத்தண்டு தன்பாட்டுக்குச் செய்கிற வேலை. நாய் திரும்பிப் பார்க்கவேண்டும், கத்தவேண்டும், கடிக்க வரவேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போகிறது என்று அர்த்தம், மறுபடி நடக்கும் என்று நம்பவும் இடமுண்டு. கடிபட்டால் சந்தோஷப்படவேண்டிய ஒரே இடம் அதுதான்! ஜிம்மி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சரி, அடுத்த காட்சி. மத்தியானம் வீட்டுத் தாத்தாவின் முறை. அவருக்கு மூத்திரத்தைவிட மலத்தில்தான் பெருமை. சாப்பிட்ட பிறகு ஈரத்துணியால் ஆசனவாயைச் சுற்றி இரண்டு தடவை துடைத்தால் போதும், அனிச்சையாகவே வந்துவிடும். சாயந்தரம் அக்காவின் மகள் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். மூட்டு இறுகாமல் இருக்கவேண்டுமே. அவள் கண்டுபிடித்த சட்டைதான் இந்த வீட்டின் பொக்கிஷம். வீட்டுக்குள் வண்டி ஓட இடமில்லை, சீமெந்துத் தரையில் இழுபட்டால் கால் தோல் உரிந்துவிடும். அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கின் கிழிசலை வெட்டி, உள்ளே பழைய கம்பளி வைத்துத் தைத்து, பின்பாதி உடம்புக்குப் பை போட்டுவிட்டாள். வழவழவென்று தரையில் வழுக்கிக்கொண்டு போகிறான். திரும்பும்போது பிரேக் பிடிக்காது, நேரே பானை சட்டியில் போய் மோதுவான்!

மோதட்டும், அடுப்பில் மட்டும் மோதக் கூடாது. நானுஓயாக் குளிருக்கு எந்த நாயும் அடுப்பங்கரையைத் தேடும். மற்ற நாய் சுட்டால் விலகிவிடும். ஜிம்மியின் பின்னங்கால் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது. வெந்நீர்ப் போத்தலும் அப்படித்தான். அதனால் அடுப்புக்கு முன்னால் பலகைத் தடுப்பு, படுக்கைக்கு உரச்சாக்கில் திணித்த பழந்துணி. நாலைந்து மணித்தியாலத்துக்கொரு தடவை பக்கம் மாற்றிப் போடுவது இராத்திரியில் தூக்கம் கலைகிறவர் பொறுப்பு. எல்லாரும் தூங்குவதுபோல் நடிப்பார்கள்.

மூத்திரம் பட்ட தோல் சிவந்துவிடும். கழுவி, ஈரம் ஒற்றி, வெசலின் தடவுகிறார்கள். குழந்தைகளுக்குப் பூசுகிற துத்தநாகக் களிம்பு ஆகாது. நக்கி விழுங்கினால் நாய்க்கு நஞ்சு. மூத்திரம் கலங்கினாலோ, நாற்றம் மாறினாலோ, இரத்தம் கண்டாலோ வைத்தியரிடம் ஓட்டம். மலையிறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலை இருக்கிறது. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அங்கேதான். கையுறை ஏன் என்றால் எலிக்காய்ச்சல். நாயின் மூத்திரம் வழியாக அது மனிதருக்கும் தொற்றும், மழையும் சேறுமான இந்தப் பக்கத்தில் அலட்சியம் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது, இதில் மட்டும் சிரிப்பில்லை: அடி எதுவும் படாமல் ஒரு நாய் திடீரென்று காலிழுத்து, வாய் தொங்கி, எச்சில் வடித்தால் கிட்டவே போகாதீர்கள். வெறிநோய் அப்படியும் வரும்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களிலேயே அமெரிக்காவில் லிங்கன் பார்க்ஸ் என்ற கால்நடை வைத்தியர் நாய்களுக்குச் சக்கர வண்டி செய்ய ஆரம்பித்துவிட்டார். நம் நாட்டில் தெற்கே மிதிகமவில் இருக்கிற அனிமல் எஸ்ஓஎஸ் சரணாலயத்தில் கால் விழுந்த தெருநாய்களையும் வைத்துப் பராமரிக்கிறார்கள். அவர்களின் படங்களிலும் வண்டிதான் அழகாகத் தெரியும். வண்டி ஓடுவது நாளைக்குக் கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் யாரோ ஒருவர் பின்வாசலில் குந்தியிருக்கிறார்.

இந்த வீட்டின் பேர் இப்போது தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. நான் கிளம்பும்போது மேல் லயத்து ஆச்சி ஒருவர் கடுவன் பூனையைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு வந்தார். ரெண்டு நாளாக முக்குகிறதாம், சொட்டுக்கூட வரவில்லையாம். "அப்படியே ஒரு அமுக்கு அமுக்கிவிடு தாயி." அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அமுக்கவில்லை. அடைப்பு விழுந்த கடுவனை அமுக்கினால் பை வெடித்துவிடலாம், அன்றைக்கே குழாய் போட்டு எடுக்கவேண்டும். "ஆச்சி, இது எங்க வேல இல்ல. பாப்பா, ஓடிப்போய் ஆட்டோவக் கூப்புடு!" பாப்பா ஓட, அவளுக்கு முன்னால் படங்குப் பையோடு வழுக்கிக்கொண்டு ஜிம்மி ஓட, பூனை சீற, ஆச்சி கத்த, தாத்தா மட்டும் ஆற அமரக் கேட்டார்: "அது கக்கா போச்சா?"