அளகும் அதன் முட்டையும்

பெட்டைக் கோழிக்கு ‘அளகு’ என்றொரு பெயர் உண்டு. கோழிக்கும் கூகைக்குமே அப்பெயர் உரித்தென வரையறுக்கின்றது தொல்காப்பிய மரபியல். சொல் ஏட்டளவில் நின்றுவிட்டது. அளகோ நிந்தவூரின் வளவுகளில் இன்றும் கொக்கரித்துத் திரிகின்றது. 2023 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை வருவிக்கும் நிலை இந்நாட்டுக்கு நேர்ந்தபோது, வளவில் நாலு கோழி வளர்த்த வீட்டார் அவற்றின் அருமையை உணர்ந்திருப்பர்.

ஆயின், வளவு முட்டை மாசற்றது, எவ்வாறு உண்பினும் தீங்கில்லை என்று கருதுவாரும் உளர். அக்கருத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முட்டையின் ஓடு கல்போல் இறுகித் தோன்றினும் அதில் ஆயிரக்கணக்கான நுண்டுளைகள் உள. அவற்றை மூடி மெல்லிய பூச்சொன்றை இயற்கை அளித்திருக்கின்றது. எச்சம் பட்ட முட்டையைக் கிணற்றடியிற் கழுவி அடுக்குவோர் அப்பூச்சையும் சேர்த்தே கழுவிவிடுகின்றனர். நீர் முட்டையினும் குளிர்ந்ததாயின் கேடு மிகும். உள்ளீடு சுருங்க, புறத்து நீர் கிருமியோடு உள்ளே இழுக்கப்படும். ஆதலால் சேமிக்கும் முட்டையை உலர்ந்த துணியாலோ தேங்காய்த் தும்பாலோ துடைத்தலே தக்கது. உடைக்குமுன் கழுவும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு, அது நன்றே. கழுவியதை வைத்திராது அப்பொழுதே சமைத்துவிடுக. கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றி, முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் துடைக்கும் வேலையும் குறையும்.

வெண்கருவுக்குக் கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டு. மஞ்சட்கருவோ கிருமிக்கு நல்விருந்து. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய சவ்வு. நம் கடற்கரை வெம்மையில் அது விரைந்து தளர்ந்துவிடும். எனவே வெளியில் வைத்த முட்டையை ஒரு வாரத்துள் சமைத்தல் நலம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது ஒரு திங்கள் தாங்கும். பெட்டியிலிருந்து எடுத்ததை வெளியே நெடுநேரம் விடலாகாது. ஓட்டில் வியர்வை அரும்ப, அவ்வீரமே கிருமிக்கு வழிகாட்டும்.

நீரிலிட்டுப் பார்க்கும் மூத்தோர் சோதனை யாவரும் அறிந்ததே. நாட்பட நாட்பட உள்நீர் ஆவியாகி, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெருகும். பழைய முட்டை மிதக்கும். அச்சோதனை முட்டையின் வயதைக் கூறும், நோயைக் கூறாது. கூழ்முட்டை தன் நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சல்மோனெல்லாக் கிருமி புகுந்த முட்டைக்கோ நிறவேறுபாடுமில்லை, நாற்றமுமில்லை. ஓடு உருவாகுமுன்னரே கோழியின் சூலகத்திலிருந்து அது உட்புகுதலும் உண்டு. ஆங்குத் துடைத்தலும் பயன்படாது, அடுப்பே பயன்படும்.

பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கின்றோம். காய்ச்சலில் இருந்து எழுந்தவனுக்கு முட்டைக் கோப்பி அடித்துக் கொடுக்கின்றோம். அன்பினாற் செய்வதே; எனினும் மெலிந்த உடலுக்கே இவ்விடரைத் தேடி வைப்பது முறையாகுமா? 1988 டிசம்பரில் முட்டையும் சல்மோனெல்லாவும் பற்றிக் கூறிய ஒரு கூற்றினால் பிரித்தானியாவில் எட்வினா கரி என்னும் துணை அமைச்சர் பதவி துறக்க நேர்ந்தது. அங்கே 1998 முதல் ‘சிங்க முத்திரை’ முட்டைப் பண்ணைகளில் கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டு வந்து, 2017 இலேதான் அம்முத்திரை முட்டையைக் கருவுற்ற பெண்களும் சிறுவரும் முதியோரும் அரைவேக்காடாக உண்ணலாம் என்றனர். நம் வளவுக் கோழிக்கு முத்திரை ஏது?

பச்சை முட்டையே வலுத் தரும் என்பாருக்கு ஒன்று கூறுவேன். 1998 இல் வெளியான பெல்சிய ஆய்வொன்றின்படி, வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 வீதம் உடலிற் சேர்கின்றது. பச்சை முட்டையிற் சேர்வது 50 வீதமளவே. நல்லெண்ணெயை நிறுத்த வேண்டியதில்லை. அதே எண்ணெயில் முட்டையை இரு கருவும் இறுகப் பொரித்துக் கொடுக்கலாம்.

வட்டிலப்பம் அவிக்கும் நம் தாய்மார் இதனை முன்னரே அறிந்தவர் போலும். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் கலந்து ஆவியில் வைத்து, நடுவில் ஈர்க்கைக் குத்தி, அது ஒட்டாது வரும்வரை அவர்கள் சட்டியை இறக்குவதில்லை.