உங்களுக்குத் தெரியுமா? – தேர்தல் தேதியும் ஊர்ப் பூங்காவும்

அமெரிக்க ஊர்களில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களோடு கேள்விகளும் அச்சாகி வரும். 'பூங்காக்களுக்காகக் கூடுதல் வரி கட்டச் சம்மதமா?' 'மேயர் தேர்தலை வேறு ஆண்டுக்கு மாற்றலாமா?' ஊர்மக்கள் மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிப்பார்கள். முதல் கேள்வி பணத்தைப் பற்றியது, இரண்டாவது நாள் குறிப்பதைப் பற்றியது. ஆனால் எந்த நாளில் கேட்கிறோம் என்பதை வைத்து யார் பதில் சொல்ல வருவார்கள் என்பது மாறுகிறது. அதனால் பூங்காவின் தலைவிதியும் மாறுகிறது.

*

சான் பிரான்சிஸ்கோவில் 2019 நவம்பரில் மேயர் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் சுமார் 41 சதவீதம். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல் வந்தபோது அதே ஊரில் 86 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பன்னிரண்டு மாத இடைவெளியில் இரண்டு மடங்கு! 2022 நவம்பரில் 'மேயர் தேர்தலை அதிபர் தேர்தலோடு சேர்த்துவிடலாமா?' என்று நகரம் கேட்டது. பத்தில் ஏழு பேர் ஆம் என்றார்கள்.

*

இப்படி மாற்றும்போது பதவியில் இருப்பவரின் காலம் என்னாகும்? சான் பிரான்சிஸ்கோவில் மேயர் லண்டன் பிரீடுக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் மேயர் எரிக் கார்செட்டியின் இரண்டாம் பதவிக்காலம் ஐந்தரை ஆண்டுகளாக நீண்டது. சியாட்டில் நகரத்தை உள்ளடக்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டம் வேறு வழியில் போனது. அங்கே நீட்டவில்லை, வெட்டினார்கள். 2023இலும் 2025இலும் வென்றவர்களுக்கு ஒரே ஒரு முறை மூன்றாண்டுப் பதவிக்காலம். நான்காண்டுக்கு என்று வாக்கு வாங்கிவிட்டு ஐந்தாண்டு இருப்பதைவிட, குறைத்துக்கொள்வதுதான் வாக்காளருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

*

லாஸ் ஏஞ்சல்ஸ் தேர்தல் ஆண்டை மாற்றலாமா என்ற கேள்வியை 2015 மார்ச்சில் மக்கள் முன் வைத்தது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 'மாற்றுங்கள்' என்றார்கள்.

அதே ஆண்டு மே மாதம், அங்கே பள்ளி வாரியத் தேர்தலில் ஆட்களை வரவழைக்க ஒரு தொண்டு அமைப்பு குலுக்கல் நடத்தியது. வாக்களித்தவர்களில் ஒருவருக்கு 25,000 டாலர்! மத்திய அரசுப் பதவி எதுவும் வாக்குச்சீட்டில் இல்லாததால் சட்டம் அதைத் தடுக்கவில்லை. தங்கள் குழந்தைகளின் பள்ளியை யார் நடத்துவது என்று முடிவு செய்ய மக்களைப் பரிசு காட்டி அழைக்கவேண்டி வந்ததே, அந்த நிலைமைதான் தேதி மாற்றத்துக்கான மிக வலுவான வாதம்.

*

வராமல் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், வருமானம் குறைந்தவர்கள். சொந்தத் தோட்டமோ முற்றமோ இல்லாததால் ஊர்ப் பூங்காவை அதிகம் நம்பியிருப்பவர்களும் இவர்கள்தான். அரசியல் அறிஞர் சாரா ஆன்ஸியா 2014இல் 'டைமிங் அண்ட் டர்ன்அவுட்' என்ற நூலில் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கூட்டம் குறைந்த தேர்தலில், ஏற்கெனவே திரண்டு நிற்கும் சங்கங்களின் கை ஓங்கும். ஆயிரம் பேர் வருகிற இடத்தில் இருநூறு பேர் கொண்ட சங்கம் ஒரு குரல். முந்நூறு பேர் மட்டும் வந்தால் அதுவே தீர்ப்பு.

*

நியூயார்க் மாநிலத்தின் 1894ஆம் ஆண்டு அரசியலமைப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. மாநிலத்துக்குச் சொந்தமான வனக் காப்பு நிலங்கள் என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தது. நகரத் தேர்தல்களைப் பிரித்து ஒற்றைப்படை ஆண்டுகளுக்குத் தள்ளியது. டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரம் நியூயார்க் நகரத்தை ஆட்டிப்படைத்த காலம் அது. நகர நிர்வாகத்தைக் கட்சி அலையிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று சீர்திருத்தக்காரர்கள் நினைத்தார்கள். ஒற்றைப்படை ஆண்டு அன்றைக்கு ஊழலுக்கு எதிரான மருந்து. அந்த நியாயத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

131 ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், இந்த இரண்டும் நியூயார்க் நகரவாசிகளின் ஒரே வாக்குச்சீட்டில் கேள்விகளாக வந்தன. முதல் கேள்வி, அடிரோண்டாக் மலையில் 1932, 1980 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மவுண்ட் வான் ஹோவன்பர்க் விளையாட்டு வளாகத்தைப் பற்றியது. வனக் காப்பு நிலத்தில் இருக்கும் அந்த வளாகத்துக்கு அனுமதி தருவது, ஈடாக 2,500 ஏக்கர் புது நிலத்தைக் காட்டோடு சேர்ப்பது. மாநிலம் முழுவதற்குமான அந்தக் கேள்வி வென்றது. ஆறாவது கேள்வி, நகரத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றலாமா என்பது. அது தோற்றது.

அந்தத் தோல்வியை அலட்சியமாகப் பார்க்க முடியாது. அன்று மேயர் தேர்தலில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 1969க்குப் பிறகு அத்தனை பேர் வந்ததில்லை. போட்டி சூடாக இருந்தால் ஒற்றைப்படை ஆண்டிலும் ஊர் திரண்டு வரும் என்று கண்ணெதிரே நிரூபித்த அதே நாளில், 'எங்கள் ஊர்த் தேர்தல் தனியாகவே இருக்கட்டும்' என்றார்கள்.

*

வீட்டுக்கு வீடு வரும் வாக்காளர் கையேட்டில் நீங்களே ஒரு வாதம் எழுதலாம் என்றால்? சான் பிரான்சிஸ்கோவில் எழுதலாம். 200 டாலர் கட்டணம், அதன்மேல் சொல்லுக்கு 2 டாலர். பணம் இல்லாதவர் அதற்குப் பதிலாகக் கையெழுத்துத் திரட்டிக் கொடுக்கலாம். அதிகாரபூர்வமான ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், இரண்டுக்கும் மறுப்பு ஆகியவை இலவசம்.

கேள்வியின் விளக்கத்தை எழுதுவதற்கென்றே அங்கே ஒரு குழு இருக்கிறது. எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் நடையில் எழுதவேண்டும் என்பது விதி. பொதுமக்கள் முன்னிலையில் வரி வரியாகத் திருத்துகிறார்கள். சட்ட வாசகத்தைச் சாதாரண மனிதருக்குப் புரியவைக்கும் இந்த உழைப்பை எல்லா அரசுகளும் மேற்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

*

ஒரே கவுண்டி, ஒரே நோக்கம், இரண்டு தேதிகள். 2014 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி பூங்காக்களுக்காக ஒவ்வொரு மனைக்கும் 23 டாலர் வரி கேட்டது. 62 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஆனாலும் தோல்வி! கலிஃபோர்னியாவில் அரசு முன்வைக்கும் இத்தகைய தனி நோக்க வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2016 நவம்பரில், அதிபர் தேர்தல் நாளில், மறுபடி கேட்டார்கள். இம்முறை கட்டடத்தின் சதுர அடிக்கு ஒன்றரை சென்ட். ஏறக்குறைய 75 சதவீதம் ஆம். தேதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, வரியின் வடிவமும் மாறியிருந்தது. சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய மாளிகைக்கு அதிகம் என்பது நியாயமாகவும் தெரிந்தது.

*

தேதிச் சண்டை ஒன்று பூங்கா வரியைக் காப்பாற்றிய கதை இது.

கலிஃபோர்னியாவின் அப்லேண்ட் ஊரில் கஞ்சா மருந்துக் கடைகளை அனுமதிக்கக் கோரிக் குடிமக்கள் மனு கொடுத்தார்கள். உடனே தனித் தேர்தல் வேண்டும் என்றார்கள். நகரமோ, 'இதில் வரி கலந்திருக்கிறது, பொதுத் தேர்தல் வரை காத்திருங்கள்' என்றது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுத் தேர்தலில்தான் வரியைக் கேட்க வேண்டும் என்ற விதி அரசு கொண்டுவரும் வரிக்குத்தான், குடிமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் மனுவுக்கு இல்லை என்று 2017 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. முழுக்க முழுக்கத் தேதி பற்றிய வழக்கு.

இப்போது ஃப்ரெஸ்னோவுக்கு வருவோம். 2012இல் பெருநகரப் பூங்காக்களைத் தரவரிசைப்படுத்தியபோது 40 நகரங்களில் கடைசி இடம் பெற்ற ஊர். குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி, 2018 நவம்பரில் பூங்காக்களுக்காக முப்பது ஆண்டு விற்பனை வரி கேட்டார்கள். நூறு டாலருக்கு முப்பத்தேழரை சென்ட். மேயர் எதிர்த்தார். காவலுக்கும் தீயணைப்புக்கும் பங்கு வேண்டும் என்ற வாதம் ஓங்கி ஒலித்தது. முடிவில் 52 சதவீதம் ஆம். 'மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை, தோற்றுவிட்டது' என்று கணக்கை மூடினார்கள்.

பூங்கா ஆர்வலர்கள் விடவில்லை. கஞ்சாக் கடை வழக்கின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார்கள். தேதி விதி குடிமக்கள் மனுவுக்குப் பொருந்தாது என்றால், மூன்றில் இரண்டு பங்கு விதி மட்டும் எப்படிப் பொருந்தும்? கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. பாதிக்கு மேல் வந்தால் போதும், வரி வென்றுவிட்டது! 2021 ஜூலையில் வசூல் தொடங்கியது. வாக்களித்த நாளிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்க் குழந்தைகள் காத்திருந்தார்கள்.

*

கொலராடோ மாநிலத்தில் 1992 முதல் மக்களைக் கேட்காமல் வரியை உயர்த்த முடியாது. கேள்வியே 'ஆண்டுக்கு இத்தனை டாலர் வரி உயர்த்தலாமா?' என்று தொகையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பூங்கா, பூ, பறவை எல்லாம் அதற்குப் பிறகு. எந்தத் தேர்தலில் கேட்கலாம் என்பதையும் அதே சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. ஆதரவு, எதிர்ப்புக் கருத்துகளின் சுருக்கம் தலா 500 சொற்களுக்குள் வீட்டுக்கு வரும். மக்கள் அந்தச் சட்டத்தை ஏற்ற அதே நாளில், லாட்டரிப் பணத்தைப் பூங்காக்களுக்கும் வனவிலங்குகளுக்கும் ஒதுக்கும் திருத்தத்தையும் ஏற்றார்கள். வரி என்றால் யோசிக்கிறார்கள், பூங்கா என்றால் மனம் இரங்குகிறார்கள்.

*

பிட்ஸ்பர்க், 2019 நவம்பர். ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 50 டாலர் பூங்கா வரி. நூலிழையில் வென்றது.

*

மின்னசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பால், வரி, தேதி என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கேட்டது.

2023 நவம்பரில் ஒரு சதவீத விற்பனை வரி. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு கோடி டாலர், முக்கால் பங்கு சாலைகளுக்கு, கால் பங்கு பூங்காக்களுக்கு. எதிர்த்தவர்களின் வாதத்தில் வலு இருந்தது. விற்பனை வரி ஏழையையும் பணக்காரரையும் ஒரே விகிதத்தில் தொடும், சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீரவேண்டியவருக்கு வலி அதிகம். ஆதரித்தவர்கள், துணிமணிக்கும் பெரும்பாலான மளிகைக்கும் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது, வெளியூர்க்காரர்களும் இங்கே வந்து வாங்குவதால் சுமை பகிரப்படும் என்றார்கள். வரி வென்றது. ஊரின் மொத்த விற்பனை வரி 9.875 சதவீதம் ஆனது. இருபது ஆண்டுச் சுமையை ஓர் ஒற்றைப்படை ஆண்டில் கேட்டிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம், நல்ல காரியத்துக்கு என்றாலும்.

2024 நவம்பரில் அடுத்த கேள்வி, நகரத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றலாமா? அதற்கும் ஆம். ஆகவே 2025இல் மேயராக வென்ற காவ்லி ஹெருக்கு மூன்றாண்டுதான். அடுத்த தேர்தல் 2028இல்.

*

மாற்ற வேண்டாம் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதிபர் தேர்தல் இரைச்சலில் ஊர்க் குப்பையும் குளமும் யார் காதில் விழும்? வாக்குச்சீட்டு நீண்டு, கடைசிக் கேள்விகளைக் குறிக்காமலே விட்டுவிடுவார்கள். உள்ளூர் வேட்பாளர் விளம்பரத்துக்கும் போட்டி போடவேண்டும். மூன்றும் உண்மையான குறைகள்தான். ஆனாலும் வாக்குச்சாவடிக்கு வந்து கடைசிக் கேள்வியை விட்டுச் செல்பவரைக் கையேடு மூலமாவது எட்டலாம். வராதவரை எட்ட வழியில்லை.

*

2022இல் கிங் கவுண்டி மக்கள் தங்கள் தலைவர்களின் தேர்தலை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றினார்கள். பூங்கா வரி மட்டும் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. 2013, 2019, 2025 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் ஆகஸ்டில், முதற்கட்டத் தேர்தலோடு! வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 2019இல் 18.32 சென்ட்; 2025இல் 23.29 சென்ட். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 186 டாலர். ஒவ்வொரு முறையும் வென்றிருக்கிறது. இத்தனை ஆதரவுள்ள வரிக்கு நவம்பரைக் கண்டு பயம் தேவையில்லை.

*

கூட்டம் அதிகம் வந்தால் பூங்காவுக்கு வெற்றி நிச்சயமா? இல்லை. தமிழ்க் குடும்பங்களும் வசிக்கும் வட கரோலினாவின் கேரி நகரம், 2024 அதிபர் தேர்தல் நாளில் இரண்டு கடன் பத்திரங்களுக்கு அனுமதி கேட்டது. பூங்காக்களுக்கு 56 கோடி டாலர், குறைந்த விலை வீடுகளுக்கு 3 கோடி. வீட்டுக்கு ஆம் என்றவர்கள், பூங்காவுக்கு இல்லை என்றார்கள். ஊர் திரண்டு வந்து தொகையைப் பார்த்துச் சொன்ன பதில் அது. தோற்றாலும் அந்த நாளில் கேட்டதே சரி.

*

திறந்தவெளி நிலங்களை வாங்கிக் காப்பதற்கென்றே தனக்குத்தானே வரி போட்டுக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் எது?

கொலராடோவின் போல்டர். 1959இல் அந்த ஊர் மக்கள் மலைச்சரிவில் 5,750 அடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் நகரக் குடிநீர் கிடையாது என்று வாக்களித்தார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் மலையில் வீடு ஏறாது. செலவில்லாத காவல்! ஆனால் கோட்டுக்குக் கீழே இருந்த நிலத்தை விலை கொடுத்துத்தான் காக்க முடியும். 1967இல் டாலருக்கு 0.4 சென்ட் வரியைத் திறந்தவெளி நிலங்களுக்காகவே ஏற்றார்கள். இன்று நகரத்தின் பராமரிப்பில் 45,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

அதே போல்டர், 2022இல் நகரமன்றத் தேர்தலை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றவும் சம்மதித்தது. புது அட்டவணைப்படி முதல் தேர்தல் 2026 நவம்பர் 3.