பங்க்ல அஞ்சு பட்டன்... எதை அமுக்குறது பாஸ்?

‘‘டேய் மெக்கானிக்கல்! ஒரு டவுட்டு. இங்க பெட்ரோல் பங்க்ல 87, 88, 89, 93-னு வரிசையா பட்டன் இருக்கு. ஓரமா இ-85-னு வேற ஒண்ணு. எதைடா அமுக்க?’’

டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிற எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணாவோட வாட்ஸ்அப் கால். பகுதி நேர வேலைக் காசுல 2018 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டார் மனுஷன். ‘‘93 போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாமே?’’ங்கிறது அவரோட அடுத்த கேள்வி.

இந்த டவுட்டு அமெரிக்கா போனவங்களுக்கு மட்டும் இல்லீங்க. பங்க்ல ‘பிரீமியம் போடட்டுமா?’னு கேட்டதும் முழிக்கிற நம்ம எல்லாருக்கும் உள்ளதுதான். ஸோ, மேட்டரை முழுசா பார்த்துடலாம்!

ஆக்டேன்னா பவர் இல்ல... பொறுமை!

எக்ஸாம் ஹால்ல பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே எழுத ஆரம்பிக்கிற அவசரக்குடுக்கை ஒருத்தன் இருப்பான் இல்லையா? இன்ஜினுக்குள்ளயும் அதே கதைதான். பெட்ரோலும் காத்தும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்தும். ஸ்பார்க் பிளக் பத்தவெச்ச தீ முழுசா பரவுறதுக்குள்ள, அழுத்தத்தாலயும் சூட்டாலயும் மிச்சமிருக்கிற கலவை தானாவே வெடிச்சா, ‘டக்... டக்’னு ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். அந்த அழுத்தத்தை எவ்வளவு தூரம் தாங்கும்னு சொல்ற நம்பர்தான் ஆக்டேன். நம்பர் கூடினா பொறுமை கூடும். எனர்ஜி கூடாது!

அழுத்தம் அதிகமா இருக்கிற இன்ஜினுக்கும், டர்போ இன்ஜினுக்கும்தான் அதிகப் பொறுமை தேவை. 87 போதும்னு டிசைன் பண்ணின இன்ஜினுக்கு 93 ஊத்துறது, பாஸ் மார்க் போதும்ங்கிற பேப்பருக்கு நாலு டியூஷன் போற மாதிரி. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘டிரிபிள் ஏ’ 2016-ல ஒரு கணக்கு சொன்னுச்சு. ரெகுலரே போதும்ங்கிற வண்டிகளுக்கு பிரீமியம் ஊத்தினதுல ஒரே வருஷத்துல வீணான காசு, 210 கோடி டாலர்!

அவங்க 87-ம் நம்ம 91-ம்

‘அங்க ரெகுலர் 87, இ-20 வர்றதுக்கு முன்னாடி இங்க 91. அப்போ நம்ம பெட்ரோல் பெஸ்ட்டா?’னு காலரைத் தூக்கிடாதீங்க. நாம சொல்றது ஆர்.ஓ.என். அளவு. அவங்க அதோட எம்.ஓ.என்.னு இன்னொரு கடினமான டெஸ்ட் அளவையும் சேர்த்து சராசரி போடுறாங்க. அவங்க 87-ம் நம்ம 91-ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மார்க் ஒண்ணு, யுனிவர்சிட்டி வேற!

பிக்கப்புக்கு எது சரி?

எல்லா பிக்கப்புக்கும் ஒரே பதில் கிடையாது. ஃபோர்டு எஃப்-150 ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின்களுக்கு 87 போதும். ஆனா, பின்னாடி டிரெய்லரை மாட்டி வெயில்ல பாரம் இழுக்கிறப்ப பிரீமியம் நல்லதுனு கம்பெனியே சொல்லுது. ராம் 1500-ல வர்ற 5.7 லிட்டர் ஹெமிக்கு 89 சிபாரிசு. ஜி.எம். 6.2 லிட்டர் வி-8 இன்ஜினுக்கு பிரீமியம். ஆக, பட்டனை முடிவு பண்றது நம்ம ஆசை இல்ல... ஓனர்ஸ் மேனுவல்!

அடுத்து எத்தனால். அங்க சாதாரண பெட்ரோல்லயே பெரும்பாலும் 10 சதவிகிதம் எத்தனால் உண்டு. 88-னு வர்றது பொதுவா இ-15. அதாவது 15 சதவிகிதம். 2001 மாடல்லேர்ந்து வந்த கார், பிக்கப்களுக்கு அதுக்கு அனுமதி உண்டு. பைக், படகு, புல் வெட்டுற மிஷினுக்கு ஊத்தக் கூடாதுனு பம்ப்லயே ஆரஞ்சு கலர் லேபிள் ஒட்டியிருக்கும்.

இ-85 ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் வண்டிக்கு மட்டும். பெட்ரோல் ஊத்துற வாய்கிட்ட மஞ்சள் மூடியோ, மஞ்சள் வளையமோ இருக்கானு பார்க்கணும். அண்ணாவோட 3.3 லிட்டர் வி-6 வண்டியில இருந்தது. ‘‘அப்போ விலை கம்மியா இருக்கிற இ-85-ஐயே போட்டுடவா?’’னு குஷியானார். ‘‘கணக்குப் போட்டுட்டுப் போடுங்கண்ணா!’’ன்னேன்.

ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற எனர்ஜி, பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால இ-85-ல மைலேஜ் 15-லேர்ந்து 27 சதவிகிதம் வரை இறங்கும். உதாரணமா, கேலனுக்கு 20 மைல் போற வண்டி 15 மைல்தான் போகுதுனு வெச்சுக்குங்க. ரெகுலர் 3 டாலர்னா, இ-85 விலை 2.25 டாலருக்குக் கீழே இருந்தாதான் லாபம். 2.60-க்கு வாங்கினா கையைக் கடிக்கும்!

நம்ம ஊர் கதை

நமக்கு இந்தத் தலைவலியே இல்ல. ஏன்னா, பட்டனே இல்ல! 2023 பிப்ரவரியில அறிமுகமான இ-20, 2025-ல நாடு முழுக்க வந்துடுச்சு. சாதா பெட்ரோல் கேட்டா கிடைக்கிறது அதுதான். எத்தனால் சேர்றதால ஆக்டேன் 95 கிட்ட போகுதுங்கிறது ப்ளஸ். கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குக் காசு போகும்னு அரசு சொல்ற காரணங்களும் நியாயமானவைதான்.

ஆனா, அப்பா ஓட்டிட்டு நம்ம கையில கொடுத்த பழைய பைக்? 10 சதவிகித எத்தனாலுக்கு ட்யூன் பண்ணின டூ வீலர்ல இ-20 போட்டா மைலேஜ் 3-4 சதவிகிதம் குறையலாம்னு 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருக்கு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டியில ஒண்ணரை, ரெண்டு கிலோமீட்டர் காலி. பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் சீக்கிரம் மாத்த வேண்டி வரலாம். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்குற வாய்ப்பு வேணும்னு போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு.

அதனால நம்ம கையில இருக்கிறது இவ்வளவுதான்...

* மேனுவல்ல, வண்டி ஸ்டிக்கர்ல இ-10-ஆ, இ-20-ஆனு பாருங்க.

* பழைய வண்டினா சர்வீஸ்ல ஹோஸ், வாஷரைச் செக் பண்ணச் சொல்லுங்க.

* எத்தனால் தண்ணியை இழுக்கும். செமஸ்டர் லீவுக்கு வண்டியை மாசக்கணக்கா நிறுத்தாதீங்க. மழைக் காலத்துல டேங்க் மூடி சரியா மூடுதானு பாருங்க.

* ‘பிரீமியம் போட்டா பவர்’னு யாராச்சும் சொன்னா, மேனுவலைக் காட்டுங்க.

நாட்டுக்கு நல்லதுனா எத்தனாலை வேணாம்னு யாரும் சொல்லப் போறதில்ல. ஆனா, அமெரிக்காவுல புல் வெட்டுற மிஷினுக்குக்கூட ‘இதை ஊத்தாதே’னு லேபிள் ஒட்டி எச்சரிக்கிறாங்க, பக்கத்துலயே வேற பட்டனும் வைக்கிறாங்க. மாசக் கடைசியில ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போடுற காலேஜ் பையனுக்கும் அப்படி ஒரு பட்டன் கேட்க உரிமை உண்டுதானே பாஸ்?