குழாயில் வருவது எந்த நீர்?

கோடை வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் குழாய்களின் வாயில் வெண்ணிறப் படிவு கட்டத் தொடங்கும். குளியலறைக் கண்ணாடியில் திட்டுத் திட்டாகக் கறை படியும். சோப்பு நுரைக்காது, கீசரின் வெப்பக் கம்பியை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். புணே நகரின் கிழக்கே, ஹடப்சரை ஒட்டிய மகர்பட்டாவில் குடியேறிய நாள்முதல் இது எங்களுக்குப் பழகிப்போன தொல்லை. ஆயினும், வீடு முழுவதற்குமான நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு ஒன்றை வாங்கிவிடலாம் என்னும் எண்ணத்தை எங்களுக்குள் விதைத்தது கறை அன்று, அச்சமே.

2025 ஜனவரியில் புணேயில் கில்லன் பாரே என்னும் நரம்புநோய் பரவியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நகரின் தென்மேற்கே சிங்கட் சாலை, கிர்கட்வாடி, நாந்தேட் கிராமம் ஆகிய பகுதிகளில் தொடங்கி, ஐயத்திற்குரியோரையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயாளர் பட்டியலில் இடம்பெற்றனர். மாசுபட்ட நீரின்மீதே முதன்மையாக ஐயம் எழுந்தது. எங்கள் பகுதி அங்கிருந்து தொலைவில் உள்ளதுதான். எனினும், எழுபத்திரண்டு வயதுடைய தாயாரை வீட்டில் வைத்துக்கொண்டு எவ்வாறு நிம்மதியாக உறங்குவது?

அடுத்த மாதமே ஒரு விற்பனையாளர் வந்தார். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, நீரை மென்மையாக்கும் கலன் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு 85,000 ரூபாய் விலை கூறினார். இரு குவளை நீரில் மின்கம்பிகளைச் செருகி, எங்கள் குழாய் நீர் பழுப்பாக மாறுவதையும் காட்டினார். தாயார் முகம் வாடிப்போயிற்று. அந்தப் பழுப்பு நீரிலிருந்து வந்ததன்று, இரும்பு மின்முனை கரைவதால் உண்டாவது என்பதைப் பின்னரே அறிந்தோம். உப்புகள் மிகுந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே இரும்பும் விரைந்து கரையும். நீரில் கிருமி உண்டா இல்லையா என்பதற்கும் இந்தக் காட்சிக்கும் தொடர்பே இல்லை.

அன்று முன்பணம் கொடுக்காமல் விட்டது நல்லதாயிற்று. மாறாக, பிப்ரவரியில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் குழாய் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பினோம். ஒரே குழாய், இருவேறு நீர். பிப்ரவரியில் கடினத்தன்மை லிட்டருக்கு 85 மில்லிகிராம். மே மாதத்தில் 380. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 200. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

காரணம் எளிது. புணே மாநகராட்சி வழங்கும் நீரில் பெரும்பகுதி கடக்வாஸ்லா அணைத்தொகுப்பிலிருந்து வருகிறது. மலையில் பெய்த மழைநீராதலால் அது மென்மையானது. கோடையில் அந்த வரத்து போதாதபோது, எங்கள் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும் கலக்கின்றன. தக்காணத்தின் கரும்பாறை இடுக்குகளில் தங்கிய நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுமந்தே மேலே வருகிறது. ஆக, எங்கள் தொல்லை ஆண்டுக்கு நான்கு மாதத் தொல்லை.

இனி, அந்த இயந்திரம் செய்வது யாது? கலனுக்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியிடும். மணிகள் நிறைந்தவுடன் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். நால்வர் உள்ள குடும்பம், தலைக்கு 135 லிட்டர் என நாளொன்றுக்கு 540 லிட்டர் செலவழிப்பதாகக் கொள்வோம். 25 லிட்டர் பிசினை மே மாத நீரில் ஏறத்தாழ ஆறு நாளுக்கு ஒரு முறை கழுவ நேரும். கழுவலுக்கு மூன்று கிலோ உப்பு என்றால், மாதம் பதினைந்து கிலோ. அந்த உவர்நீர் முழுவதும் சாக்கடைக்குத்தான் போகும்.

எங்களைத் தடுத்து நிறுத்தியவை வேறு இரண்டு.

ஒன்று, சோடியம். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் நீரில் 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். எங்கள் மே மாத நீரில் அது லிட்டருக்கு 175 மில்லிகிராம் ஆகும். இரத்த அழுத்தத்திற்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் துறந்த தாயாருக்கு, குடிநீர் வழியே உப்பைத் திருப்பிக் கொடுப்பதா? சமையலறைக் குழாயைத் தனியே விட்டுவிடலாம் என்றால், "வீடு முழுவதற்கும்" என்பது பொருளற்றதாகிவிடும். மேலும், எங்கள் வீட்டில் மூன்று குழாய்த் தண்டுகள் வழியே தனித்தனியாக நீர் இறங்குகிறது. ஒரே நுழைவாயில் இல்லை. விற்பனையாளர் அதைப் பார்க்கவே இல்லை.

மற்றொன்று, இன்னும் முக்கியமானது. மென்மையாக்கும் கலன் கிருமிகளைக் கொல்லாது. கரி வடிகட்டியோ, நீரில் எஞ்சியிருந்து கிருமிகளைத் தடுக்கும் குளோரினையும் உறிஞ்சிவிடும். நோய்க்கு அஞ்சி வாங்கும் கருவி, நோயைத் தடுக்கும் காவலை வாசலிலேயே கழற்றிவிடுகிறது! அதன்பின் வீட்டுக்குள் ஓடும் குழாய்களுக்குப் பாதுகாப்பு எது? குடிக்கும் நீருக்கு நல்ல கொதிநீரோ, முறையாகப் பராமரிக்கப்படும் புற ஊதாக் கதிர்க் கருவியோ போதும். அவ்வளவு நீருக்கு 85,000 ரூபாய் வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். "வட்டியில்லாத் தவணை" என்று அவர் கூறியதை நாங்கள் அப்படியே நம்பவில்லை. வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2013-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது; செயலாக்கக் கட்டணமாகவோ, இழந்த தள்ளுபடியாகவோ அது எங்கேனும் ஒளிந்திருக்கும். கருவி எட்டாண்டு உழைத்தாலும், பராமரிப்பும் உப்பும் சேராமலே ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் நான்கு மாதப் பயனுக்கு. இரு கீசர் கம்பிகளின் விலையோடு ஒப்பிட்டோம், சிரிப்புதான் வந்தது. ஆண்டு முழுவதும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பி, தனி வீட்டில் வாழ்வோருக்கு இந்தக் கணக்கு வேறாக அமையலாம். அவர்கள் வாங்குவதில் பிழையில்லை.

எங்களுக்கோ, நீர் கெடும் இடம் வீடன்று. கட்டடத்தின் பொதுத் தொட்டி. ஹடப்சர் உழவர்கள் நிலத்தைத் தனித்தனியே விற்காமல் ஒன்றுசேர்த்து எழுப்பிய நகரம் இது. ஏறத்தாழ 400 ஏக்கர். அந்த மண்ணில் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடு தனித்தனிக் கலன் வைக்க நினைத்தது வேடிக்கைதான். ஆய்வறிக்கைகளை எடுத்துக்கொண்டு குடியிருப்புச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றோம். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் மட்டும் மென்மையாக்கும் கலன் பொருத்துவதற்கு மூன்று விலைப்புள்ளிகள் பெற முடிவாயிற்று. காலை வாக்குவாதம் மதியம் வரை நீண்டது. டேங்கர் நீரை இறக்குமுன் சோதிக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒருவரும் மாறுபடவில்லை.

குளோரின் சோதனைப் பெட்டி உடனே வாங்கப்பட்டது. குழாய் நீரில் சில துளித் திரவம் விட்டு, எழும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். காவலாளி நாள்தோறும் அதைக் குறித்து மின்தூக்கியின் அருகே எழுதி வைக்கிறார். 0.2-க்குக் குறையலாகாது. சென்ற மாதம் ஒரு நாள் 0.1 என்றிருந்தது. அன்று மாலைக்குள் தொட்டி கழுவப்பட்டது. அதுவரை பதினோரு மாடிகளிலும் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.